கேப்டனை எழுப்பும் வெடி

ஹார்மன் க்ளூவர் செத்தபோது தங்கமான மனுஷன் என்று ஊரே சொன்னது. அவர் கால்சட்டையைத் துவைத்தவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மனைவி மக்டெல்ட் என்ன சொல்லியிருப்பாள் என்று ஸ்டேன்வைக்கில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

அவருக்குத் தோல் பதனிடும் தொழில். அப்பா விட்டுப்போன தொட்டிகளும் ஆற்றங்கரையில் ஒரு கொட்டகையும் இருந்தன. ஓக் மரப்பட்டையும் சுண்ணாம்பும் ஊறிய தண்ணீர் வருஷம் பூராவும் அங்கே நாறிக்கொண்டிருக்கும். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் கோயிலில் பிரசங்கம் சீக்கிரமே முடிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து மக்டெல்ட் காரச் சோப்புப் போட்டு அவர் கையைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள். நகக்கண்ணில் இருந்த கறுப்பு கடைசிவரை போகவில்லை. அதற்காக அவள் அவரைக் குறை சொன்னதில்லை, அது உழைக்கிற கை. பிற்பாடு அவர் அதை வெள்ளைக் கையுறையில் மறைக்க ஆரம்பித்தார் பாருங்கள், அதுதான் அவளுக்கு ஆகவில்லை.

இங்கிலாந்து அரசனோடு சண்டை நடந்த வருஷங்களில் ஹார்மனும் ஊர்ப்படையில் இருந்தார். ஆற்றுக்கு மேலே ஒரு மாவுக் கிடங்குக்குக் காவல் போட்டிருந்தார்கள். புதரில் ஏதோ அசைந்தது, கேட்டார், பதில் இல்லை, சுட்டார். விழுந்தது பக்கத்துப் பண்ணையின் பசுமாடு. பண்ணைக்காரன் சத்தம் போட, ஹார்மனே உட்கார்ந்து தோலை உரித்துப் பதமாக்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தார். அந்தச் சண்டையில் அவர் வீழ்த்திய ஒரே எதிரி அதுதான் என்றும், அதையும் பூட்ஸாக்கித்தான் விட்டார் என்றும் சாராயக் கடையில் வெகுநாள் பேசிச் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவரைக் கேப்டனாக்கியது.

எங்கள் பக்கத்தில் ஊர்ப்படைக்குக் கேப்டன் மேலேயிருந்து வருவதில்லை. படையில் இருக்கிறவர்களே கைதூக்கித் தேர்ந்தெடுப்பார்கள். அப்போது போட்டியில் இருந்த இன்னொருவர் மாவு ஆலைக்காரர் பால்டஸ். நிஜச் சண்டையில் தொடையில் குத்து வாங்கியவர். நடக்கும்போது கால் இழுக்கும், ஆனால் வரிசை கோணினால் கத்துவார், ரம் ஊற்றமாட்டார். ஹார்மன் வரிசையைப் பார்க்கவே மாட்டார், ரம் ஊற்றுவார். அவனவன் எதற்குக் கைதூக்கியிருப்பான் என்று சொல்லவும் வேண்டுமா?

கேப்டனானவுடன் நீலக் கோட்டு வந்தது, தோளில் தங்கக் குஞ்சம் வந்தது, வெள்ளைக் கால்சட்டை வந்தது. வெள்ளைக் கால்சட்டையோடு தோல் தொட்டிப் பக்கம் போகிற மனுஷனை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். மக்டெல்ட் பார்த்திருக்கிறாள், துவைத்தும் இருக்கிறாள்.

கோட்டோடு கூடவே வாசலில் வெடியும் வந்தது.

வசந்தத்தில் ஊர்ப்படைப் பயிற்சி நாள். அன்றைக்கு விடியும்போது ஆட்கள் பூனை மாதிரி வந்து கேப்டன் வீட்டு வாசலில் வரிசையாக நிற்பார்கள். எல்லாத் துப்பாக்கியும் ஒன்றாக வெடிக்கும். கேப்டனை எழுப்புகிறார்களாம். அவர் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்த மாதிரி கதவைத் திறந்து, ஆச்சரியப்பட்டு, உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டு, ரம்மும் பலகாரமும் தரவேண்டும். அது மரியாதை. யார் வாசலில் எவ்வளவு சத்தம் கேட்டதோ அவ்வளவு பெரிய மனுஷன்.

தூக்கமாவது மண்ணாவது. ஹார்மன் இருட்டிலேயே எழுந்து கோட்டு, பூட்ஸ், குஞ்சம் எல்லாம் மாட்டிக்கொண்டு மறுபடி போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொள்வார். பின்கட்டில் மக்டெல்ட் பன்றிக் கொழுப்பைக் காயவைத்து, உள்ளே திராட்சை வைத்த மாவு உருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருப்பாள். வெளியே நிற்கிற அத்தனை பேர் மூக்கிலும் அந்த வாசனை ஏறும். ஆனாலும் ஒருத்தனும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டான். வெடி வெடித்தவுடன் ஹார்மன் தலையில் இரவுக் குல்லாயை மட்டும் வைத்துக்கொண்டு, கீழே முழு உடுப்பில், கண்ணைக் கசக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறப்பார். வருஷாவருஷம் இந்தக் கூத்து நடக்கும்.

கூத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு வருஷமும் ஜன்னல் கண்ணாடி போனது. கோழிகள் முட்டையிடாமல் நின்றன. குடித்துவிட்டு வருகிறவன் வெடிமருந்தை எவ்வளவு திணிக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. அதனால் வெடி முடிகிறவரை மகள் லிஸ்பெட்டையும் வேலைக்காரியையும் பின்கட்டிலேயே பிடித்து வைத்திருப்பாள் மக்டெல்ட். முன்கதவுப் பக்கம் யாரும் போகக்கூடாது. ஒரு வருஷம் மருந்துக்கு மேல் அடைத்த துணிப்பந்து ஒன்று துப்பாக்கியிலிருந்து எரிந்துகொண்டே பறந்து அடுத்த வீட்டு விதவை யானெக்கேயின் வைக்கோல் கொட்டகையில் விழுந்தது. கொட்டகை போனது, உள்ளே கட்டியிருந்த கன்றுக்குட்டியும் போனது. சுட்டவர்களே வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டு, வெகு வீரமாக வேலை செய்ததாக ரம் குடிக்க வந்தார்கள்.

அதற்கடுத்த குளிர்காலத்தில் ஹார்மன் மேயரானார். அந்தப் பதவிக்கு நின்ற இரண்டு பெரிய வக்கீல்களும் ஒருவரையொருவர் தொலைக்கப் பார்த்து, கடைசியில் யாரையும் பகைக்காத ஆளாக இவரைப் பிடித்துப் போட்டார்கள். ரொட்டிக்கு எடை நிர்ணயிப்பது, சாராயக் கடைக்கு அனுமதி தருவது, சந்தைச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்வது என்று எல்லாம் மேயர் கையில். நீதிமன்ற நாற்காலியில் பஞ்சு மெத்தை வேண்டும் என்று கேட்டு வாங்கினார்.

அன்று சாப்பாட்டு மேஜையிலேயே மக்டெல்ட் ஆரம்பித்தாள்.

"யானெக்கே கொட்டக எரிஞ்சப்ப, நான் வெறும் கேப்டன், என்னால என்ன செய்ய முடியும்னு கேட்டீங்க. இப்ப மேயர். இப்ப என்ன சாக்கு?"

"பசங்களோட சந்தோஷம் மக்டெல்ட் அது. வருஷத்துல ஒரு காலைப்பொழுது."

"அவங்க சந்தோஷமா, உங்க சந்தோஷமா? ராஜாவ வெரட்டிட்டு நீங்க ராஜாவாயிட்டீங்களாக்கும், காலைல வெடி போட்டு எழுப்புறதுக்கு."

அவர் கூழைக் கிண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் விடவில்லை. குளிர்காலம் முழுக்க விடவில்லை. துணி மடிக்கும்போது சொன்னாள், விளக்குத் துடைக்கும்போது சொன்னாள், கோயிலுக்குப் போகிற வழியில் பனியில் வழுக்கிக்கொண்டே சொன்னாள். கன்றுக்குட்டி கத்தின சத்தம் தன் காதைவிட்டுப் போகவில்லை என்று யானெக்கேயும் வந்து சொன்னாள். பனி உருகுகிற சமயத்தில் நகரசபை கூடி, ஊர் எல்லைக்கல்லுக்கு உள்ளே துப்பாக்கி வெடித்தால் குற்றம், அபராதமும் காவலும் உண்டு என்று சட்டம் போட்டது. மேயர் ஹார்மன் க்ளூவர் கையெழுத்து. வீட்டுக்கு வந்து அதைச் சாப்பாட்டு மேஜையில் நீட்டி முழக்கிப் படித்துக் காட்டினார். மக்டெல்ட் அன்றைக்கு அவர் சோளக்கூழில் வெண்ணெயை ஒரு கரண்டி கூடவே வைத்தாள். அந்த வெண்ணெய்க்காகப் பின்னால் அவள் பட்ட வருத்தம் கொஞ்சநஞ்சமில்லை.

நகரசபை எழுதியதும் எதுவும் எங்கள் ஊரில் சட்டமாகிவிடாது. மணிக்காரன் யூஸ்ட் சந்தை நடுவில் நின்று மணியடித்து, அதைக் கத்திச் சொன்னால்தான் சட்டம். அவன் தினமும் எதையாவது கத்திக்கொண்டேதான் இருப்பான். தொலைந்த பன்றி, வந்த கப்பல், தொட்டியில் தண்ணீர் இல்லை என்று. சந்தைக்குப் போகிற பெண்பிள்ளை முட்டை விலையைக் கேட்பாளா, யூஸ்ட் கத்துவதைக் கேட்பாளா? இதையும் கத்தியிருப்பான் என்று மக்டெல்ட் நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள், மேயர் அவள் வீட்டிலேயே அல்லவா சாப்பிட்டார்?

பயிற்சி நாள் வந்தது. வெடி இல்லாவிட்டாலும் ஆட்கள் வருவார்கள், தின்பார்கள். அதனால் அவள் விடிவதற்கு முன்பே எழுந்தாள். பார்த்தால் ஹார்மன் போர்வைக்குள் படுத்திருந்தார், போர்வை நுனியில் பூட்ஸ் நீட்டிக்கொண்டிருந்தது.

"வெடிதான் கெடையாதே, எதுக்கு இந்த வேஷம்?" என்றாள்.

"தம்பட்டம் அடிப்பாங்கல்ல" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் பின்கட்டுக்குப் போய்க் கொழுப்பை அடுப்பில் வைத்தாள். லிஸ்பெட்டுக்கு அப்போது பத்தொன்பது வயது. படகு கட்டுகிற ஈவர்ட் அவளைக் கேட்டு வந்திருந்தான், அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று பேசியிருந்தது. ஈவர்ட் இந்த வருஷம்தான் படையில் சேர்ந்து, வரிசையில் முதல்முறையாக நிற்கப்போகிறான். அவள் தலைக்குல்லாயில் புதுசாக நீல நாடா தைத்திருந்தாள். பலகாரத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மா முகத்தைப் பார்த்தாள்.

"இந்த வருஷமாவது முன்கதவு மேல்பாதியத் தெறந்து வச்சிட்டுப் பாக்கவாம்மா?"

எங்கள் வீட்டுக் கதவுகள் இரண்டு பாதி. பன்றி உள்ளே வராமல் கீழ்ப்பாதியைச் சாத்தி வைத்து, மேல்பாதியைத் திறந்து தெருவைப் பார்க்கலாம். எத்தனையோ வருஷமாகப் பயிற்சி நாளில் அந்த மேல்பாதிக்குத் தாழ் போட்டது மக்டெல்ட்தான்.

"பாரு" என்றாள்.

அந்த ஒரு சொல்தான்.

வெளியே தச்சன் மகன் டியூனிஸ் வோர்ட்மன் ஆப்பிள் மதுவை அளவில்லாமல் குடித்துவிட்டு நின்றிருந்தான். மருந்தைத் திணிக்கிற இரும்புக் கோலைக் குழாய்க்குள்ளிருந்து உருவ மறந்துவிட்டான். அப்படி மறப்பது நடக்கிறதுதான், ஊர்ப்படையில் எல்லாருக்கும் தெரிந்த முட்டாள்தனம். வானத்தைப் பார்த்துச் சுடவேண்டியவன் இருட்டில் கதவு திறந்ததைக் கண்டு திரும்பியிருக்கிறான். எல்லாத் துப்பாக்கியும் வெடித்தன. கோல் பறந்து வந்து கதவுச்சட்டத்தில் அடித்தது. தெறித்த மரச்சிம்பு லிஸ்பெட்டின் இடது கண்ணில் ஏறியது.

மக்டெல்ட் ஓடி வந்தபோது தட்டு கீழே கிடந்தது, உருண்டைகள் வாசல்வரை உருண்டிருந்தன. ஹார்மன் குல்லாயோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, முகத்தில் அந்த ஆச்சரியத்தை வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தார். நிஜமாகவே என்ன நடந்தது என்று புரிகிறவரை அந்த முகம் அப்படியே இருந்தது. அதை அவள் பார்த்தாள்.

வைத்தியர் கண்ணை எடுக்கவேண்டும் என்றார், எடுத்தார். மகளைக் கட்டிலோடு பிடித்துக்கொள்ள யானெக்கேதான் வந்து உதவினாள். ஹார்மன் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

டியூனிஸைக் காவலில் வைத்து நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாற்காலியில் மேயர். தன் மகள் வழக்கில் தானே உட்காரலாமா என்று பால்டஸ் கேட்டார், உட்காரவேண்டியது கடமை என்று ஹார்மன் சொன்னார். மக்டெல்ட் பெண்கள் பெஞ்சில், முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சட்டம் இருக்கிறது, அபராதமோ காவலோ எது கிடைத்தாலும் சரி, அந்தச் சட்டத்தில் ஒருத்தனாவது மாட்டட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கண் திரும்பி வராது. இனிமேல் எவன் வாசலிலும் எவனும் சுடாமல் இருந்தால் போதும் அவளுக்கு.

டியூனிஸின் அப்பா எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தச் சட்டத்தை எப்போது கத்தினார்கள்?

யூஸ்டைக் கூப்பிட்டார்கள். கிழவன் தொப்பியைச் சுற்றிச் சுற்றிக் கசக்கினான்.

"இன்னும் கத்தலைங்க. மேயர் ஐயாதான், பயிற்சி நாள் போகட்டும், அப்புறம் மணியடி யூஸ்ட்டுன்னாங்க."

 ஹார்மன் மெத்தை நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார், கையில் வெள்ளைக் கையுறை. அவரே தீர்ப்பைச் சொல்லவேண்டியதாயிற்று. அறிவிக்காத சட்டத்தில் குற்றமில்லை, போகலாம். டியூனிஸ் தேம்பி அழுதுகொண்டே வெளியே போனான். படையாட்கள் அவனைத் தோளில் தட்டிக்கொடுத்தார்கள், மேயரைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார்கள்.

வீட்டில் அவர் கோட்டைக் கழற்றுகிறவரை மக்டெல்ட் பொறுத்திருந்தாள். பிறகு கேட்டாள், ஏன் என்று. அவர் கையுறையை ஒவ்வொரு விரலாக உருவினார்.

"மேயரானப்புறம் ஒரே ஒரு தடவை. ஒரே ஒரு தடவை எனக்கு வெடிக்கட்டும்னு நெனச்சேன். நீங்க ரெண்டு பேரும் எப்பவும் போலப் பின்கட்டுல இருப்பீங்கன்னு..."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உன் வாய்க்குப் பயந்துதான் சொல்லல."

அவள் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. அவர் பயந்த அந்த வாயை அவருக்கு மறுபடி கொடுக்கவில்லை. சாப்பாடு போட்டாள், துவைத்தாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். வேண்டும், வேண்டாம், கதவைச் சாத்துங்கள், இதற்குமேல் அவரிடம் எதுவும் பேசியதில்லை. ஊரில் மற்றவர்களிடம் பேசினாள், இரண்டு மடங்காகப் பேசினாள். மேயரம்மா நாக்கு ஆற்றைக்கூடப் பதனிடும் என்றார்கள்.

அடுத்த சந்தை நாளிலேயே யூஸ்ட் மணியடித்துக் கத்தினான். மக்டெல்ட் முட்டைக் கூடையோடு நின்று கடைசிவரை கேட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் கேப்டன் தேர்தல். பால்டஸுக்கு ஒரு கைகூட உயரவில்லை. சொந்த மகள் கண்ணைவிடத் தன் ஆட்கள்தான் பெரிது என்று நினைத்த மனுஷன், இவரைவிட்டால் வேறு யார் என்றார்கள். டியூனிஸ் வீட்டிலிருந்து ஒரு முழுப் பன்றித்தொடை உப்புக்கண்டம் வந்தது. மக்டெல்ட் அதை யானெக்கேக்குக் கொடுத்தாள். ஈவர்ட் அறுவடைக்கு முன்பு இரண்டு தடவை வந்தான், அறுவடைக்குப் பின் வரவில்லை. கீழ்த்துறைப் படகுப் பட்டறையில் வேலை கிடைத்துவிட்டதாம். லிஸ்பெட் நீல நாடாவைப் பிரித்துத் தையல் பெட்டியில் சுருட்டி வைத்தாள். கோயிலில் பெஞ்சின் இடது ஓரத்துக்கு மாறி உட்கார்ந்தாள், சுவர்தான் அந்தக் கண்ணைப் பார்க்கும். பட்டாசோ, பீப்பாய் உருள்கிற சத்தமோ எது கேட்டாலும் முகத்தைக் கையால் மூடிக்கொள்வாள். வருஷங்கள் போன பிறகும் மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

ஹார்மன் இன்னும் மூன்று தடவை மேயரானார். பயிற்சி நாளில் ஆட்கள் வந்து தம்பட்டம் மட்டும் அடித்தார்கள், சட்டத்தை மதிக்கிறவர்களாயிற்றே. அவர் பூட்ஸோடு போர்வைக்குள் படுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. மக்டெல்ட் கொழுப்பைக் காய்ச்சுவதை நிறுத்தினாள். ஹார்மன் ரொட்டிக் கடையிலிருந்து பலகாரம் வாங்கி வைத்தார். எல்லாரும் தின்றார்கள், முன்பு மாதிரி இல்லை என்று ஒருத்தனும் சொல்லவில்லை.

மழையில் நின்று அணிவகுப்புப் பார்த்ததில் சளி நெஞ்சில் இறங்கிப் படுத்தார். கடைசி நாளில் லிஸ்பெட்டைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மக்டெல்டைப் பார்த்து, கேப்டனுக்கு அடக்கத்தில் போடுகிற மூன்று வரிசை வெடி தனக்கும் உண்டா என்று கேட்டார். அவள் தலையணையைச் சரிசெய்தாள். 

இறந்த மறுநாள் டியூனிஸ் வோர்ட்மன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். இப்போது அவன்தான் படையில் கேப்டனுக்கு அடுத்தவன், நாலு பிள்ளைக்குத் தகப்பன், ஆப்பிள் மதுவை அன்றோடு விட்டவன். கல்லறை எல்லைக்கல்லுக்கு உள்ளே இருப்பதால் வெடி போடச் சட்டம் தடுக்கிறது, விதவைக்கு ஆட்சேபம் இல்லையென்றால் அந்த ஒரு நாள் மட்டும் விலக்கு தரலாம் என்று புது மேயர் சொல்லியிருக்கிறார் என்றான். சொல்லும்போது லிஸ்பெட் இருந்த பக்கம் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

மக்டெல்ட் மகளைக் கேட்டாள்.

"போடட்டும்மா. அப்பா ஆசப்பட்டாரு" என்றாள் லிஸ்பெட். கொஞ்சம் பொறுத்து, "நான் பின்கட்டுலயே இருந்துக்கறேன்" என்றாள்.

மக்டெல்ட் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"அப்பா அடக்கத்துக்குப் போக முடியாம இவ பின்கட்டுல ஒக்காரணுமா? வேணாம் டியூனிஸ். சட்டம் இருக்கு. உங்க கேப்டனே மேயரா இருந்து போட்ட சட்டம், அவரு கையெழுத்து. ஒரு தடவையாவது அது அவருக்கும் செல்லட்டும்."

அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு போனான்.

அடக்கத்தன்று துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படை நின்றது. தம்பட்டம் மட்டும் துணி சுற்றி அடித்தார்கள். லிஸ்பெட் குழி ஓரத்தில், அம்மாவின் இடதுபக்கம் நின்றாள். மண் விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. பாதிரியார், ஹார்மன் சட்டத்துக்கும் ஆட்களுக்கும் நடுவில் நின்ற பெரியவர் என்று சொன்னார். மக்டெல்ட் அழவில்லை. தான் நினைத்தது நடந்தது என்று ஒரு நிம்மதி மட்டும் இருந்தது அவளுக்கு. வீட்டுக்கு வந்து, அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு மசாலா போட்ட ஒயினையும் சாவு ரொட்டியையும் எடுத்து வைத்தாள். இறந்தவர் பெயரின் முதலெழுத்து பதித்த ரொட்டி, அவளே சுட்டது. காற்று வரட்டுமென்று லிஸ்பெட் முன்கதவின் மேல்பாதியைத் திறந்து வைத்தாள்.

படையாட்கள் யாரும் தின்ன வரவில்லை. ஏன் என்று மக்டெல்டுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் ஆற்றுப் பக்கத்திலிருந்து, எல்லைக்கல்லுக்கு அந்தண்டை மேய்ச்சல் நிலத்திலிருந்து, முதல் வரிசை வெடித்தது. ரொட்டித் தட்டோடு நின்ற லிஸ்பெட் தட்டைப் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டாவது வெடித்தது. யானெக்கே, எல்லைக்கு வெளியேதானே, அதில் குற்றமில்லை என்று தணிவாகச் சொன்னாள்.

மூன்றாவது வெடிப்பதற்குள் மக்டெல்ட் போய் மேல்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பிறகு குனிந்து, உருண்டு போன ரொட்டிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.